தளபதியின் மேலுதடு

“இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பும்மா. சிரிக்காத.”

“பல்லே இல்லாம எப்படிடி சிரிக்கிறது?”

“சிரிக்கிறியே. கன்னம் மேல ஏறுது பாரு. சும்மா சாதாரணமா வச்சுக்கோ.”

“சாதாரணமா வச்சா உதடு உள்ள போயிடுது.”

“அதுதாம்மா வேணும். போகட்டும்.”

“பெத்தவளைப் பல்லு கழட்ட வச்சு வேடிக்கை பாக்கற மக, உலகத்துலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப.”

சமையலறை மேசையின் ஓரத்தில், காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பல் செட் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீருக்குள் யாரையோ பார்த்துச் சிரித்தபடி கிடந்தது. எதிரே மகள். அவள் இடது கையில் ஒரு தக்கை, தக்கையின் மேல் ஒரு மனிதன். டம்ளர் உயரம்தான் இருப்பான், மார்போடு முடிந்துவிடுவான். தோளில் பட்டை, கழுத்தை இறுக்கும் உயரமான காலர், காதோரம் தடித்த கிருதா, கழுகு மூக்கு, கண்ணிமை எல்லாம் செதுக்கி முடித்துச் சாம்பல் பூச்சும் பூசியாகிவிட்டது. மூக்குக்குக் கீழேதான் ஒன்றும் இல்லை. மெல்லிய ரம்பத்தால் அறுத்து, உள்ளே குடைந்து எடுத்த பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் ஒரு துளி சிற்பக் களியை ஒட்டிவிட்டு அவள் அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு களியை. பிறகு மறுபடியும் வாயை. அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. பல் எல்லாம் பிடுங்கிய பிறகு, செட் தயாராகும்வரை தெருக்கதவைக்கூடத் திறக்காதவள் அவள். இப்போதும் செட்டைக் கழற்றினால் கை தானாக எழுந்து வாயை மூடும். இன்றைக்கு மகள் கேட்டாள் என்பதற்காக அந்தக் கையை மடியில் போட்டு, இன்னொரு கையால் பிடித்து வைத்திருந்தாள்.

“உங்க தளபதிக்கு ஏன்டி என் வாய்?”

“அவருக்கும் பல்லு இல்லம்மா. யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.”

இந்த ரகசியத்தை அவளுக்குச் சொன்னது ஒரு லாரி ஓட்டுநர்.

அவள் பல் கட்டும் கூடம் ஒன்றில் வேலை செய்தாள். ஊரில் உள்ள பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். ‘பல்லழகி’ என்பது அங்கே வைத்த பெயர். அவளுடைய சொந்த முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும். பெயர் வைத்தவர்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. வேலை முடிந்தால் அவளுக்கு வேறு ஒரு நாடு காத்திருந்தது. அந்த நாட்டில் எல்லோரும் எப்போதோ இறந்துபோன படைவீரர்கள். குதிரைப்படைக்காரன், முரசு அடிப்பவன், பீரங்கிக்குத் தீ வைப்பவன் என்று ஒவ்வொருவனாக அவளுடைய மேசைக்கு வருவான். இரண்டு குழாயிலிருந்து களியைப் பிதுக்கிப் பிசைந்தால் கொஞ்ச நேரம் மாவு போல இளகி இருந்து, பிறகு கல்லாக இறுகும். அதற்குள் ஒரு காதையோ ஒரு புருவத்தையோ பிடித்துவிட வேண்டும். பெயரோடு வாழ்ந்த ஒருவன் அவளுடைய விரல் நுனியில் திங்கட்கிழமை மூக்கும் புதன்கிழமை கண்ணும் முளைத்து எழுந்து வருவதைப் பார்க்கும்போது, பேருந்தில் போகிற சக மனிதர்கள்மீதுகூட அவளுக்கு மரியாதை வந்தது.

இதே பைத்தியம் பிடித்தவர்கள் அந்த ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். சைக்கிள் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். மருந்துக்கடைக்காரர்தான் மன்றத்தின் தலைவர். பகலெல்லாம் வானத்தில் உட்கார்ந்து இரும்பு தூக்கும் கிரேன்காரர், அங்கே வந்தால் மூன்று முடி உள்ள தூரிகையால் கண்மணி வரைவார். மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, ஒரே ஆளை எல்லோரும் செய்ய வேண்டும். கண்காட்சியில் அத்தனை சிலைகளும் ஒரே வரிசையில் நிற்கும். ஒரே மனிதனுக்குப் பன்னிரண்டு முகம். பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் விருந்து.

இந்த வருடம் கோட்டைத் தளபதி.

அவர் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். எதிரி கோட்டையைச் சுற்றி வளைத்தான். மாதங்கள் போயின. தானியம் தீர்ந்தது, குதிரைகள் தீர்ந்தன, இடுப்பு வாரை வேகவைத்துத் தின்றார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் உதவிப்படை வந்து சேர்ந்தது. சில வருடம் கழித்து ஓர் ஓவியர் அவரை வரைந்தார். அவருடைய முகத்துக்கு உலகில் உள்ள ஒரே சாட்சி அந்தப் படம்தான். அது தொங்குவது அவர் பெயரைத் தாங்கிய படைப்பிரிவின் சாப்பாட்டுக் கூடத்தில். அந்தப் படைப்பிரிவில் பல்லழகியின் அண்ணன் கேப்டன். அனுமதி வாங்கிப் படத்தைப் புகைப்படம் எடுத்து மன்றத்துக்குக் கொடுத்தவன் அவன்தான். கண்காட்சியைத் திறந்து வைக்கத் தன் கர்னலைச் சம்மதிக்க வைத்தவனும் அவனே.

படத்தில் தளபதியின் மேலுதடு நன்றாக முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். வாயோரத்தில் கன்னம் புடைத்திருக்கும். “என்ன ஒரு இறுமாப்பு பாத்தீங்களா!” என்றார் மருந்துக்கடைக்காரர். அந்த இறுமாப்பைப் பிடிப்பதில் மன்றமே போட்டி போட்டது. அவளும்தான். அவள் செய்த உதட்டைப் பார்த்துவிட்டு கிரேன்காரர் வாயெல்லாம் பல்லாக, “இதுதான்மா உதடு! உலகமே என் காலுக்குக் கீழேன்னு சொல்லுது” என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு பல் செட் திரும்பி வந்தது. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவருக்குக் கட்டியது. ‘தடிமன் அதிகம், சரிசெய்யவும்’ என்று டாக்டர் சொல்லியனுப்பி, செட்டைப் போட்டபடி இருக்கும் ஓட்டுநரின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். மேலுதடு தள்ளிக்கொண்டு, வாயோரம் புடைத்துக்கொண்டு, உலகமே தன் காலுக்குக் கீழே என்பதுபோல லாரி ஓட்டுநர் அவளைப் பார்த்தார். பாவம், அவரால் வாயை மூட முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரன் என்ன என்று கேட்டான். பன்னிரண்டு பேர் மாதக்கணக்கில் கண் நோக உட்கார்ந்து, பொருந்தாத ஒரு பல் செட்டைப் பக்தியோடு செதுக்கியிருக்கிறார்கள் என்பதை யாரிடம் சொல்வது? சிரிப்பு அடங்கியதும் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. காயும் கனியும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் ஈறு அழுகும், பல் உதிரும். அவளுக்குத் தெரிந்த பாடம்தான். அந்த மனிதர் ஒவ்வொரு பல்லாகத் துப்பிக்கொண்டே கதவை மூடி வைத்திருந்திருக்கிறார்.

அன்று மாலையே ரம்பத்தை எடுத்தாள்.

*

வாய் பொருந்திய பிறகு வண்ணம். முகத்துக்கு வண்ணம் பூச அவசரக்காரர்களால் முடியாது. முதலில் அடர்ந்த பழுப்பு. அதன்மேல் தண்ணீர் போல நீர்த்த பூச்சுகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு மயிரிழை வெளிச்சம் கூட. ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. தாடைக்குக் கீழே சவரம் செய்த நிழலுக்கு ஒரு துளி பச்சை. கண்ணுக்கடியில் ஊதா. இமை விளிம்பில் தூங்காதவனின் சிவப்பு. கண்ணின் வெள்ளைக்கு வெள்ளையைத் தொடவே கூடாது, பேயறைந்தவன் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் தோல் நிறமும் கலக்க வேண்டும். கண்மணி மேலிமையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இது கிரேன்காரர் கற்றுக்கொடுத்த வித்தை.

உடுப்பையும் அவள் விடவில்லை. நீலக் கோட்டின் மஞ்சள் காலர் வெளுத்துப்போயிருந்தது. கழுத்து இளைத்துவிட்டதால் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. பொத்தானில் பாதி இல்லை, உருக்கித் துப்பாக்கிக் குண்டாக்கியிருப்பார்கள். கன்னங்கள் உள்ளே ஒடுங்கி, மேலுதடு ஈறுகளின்மேல் சுருண்டு, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் தூரத்துக்கு வந்திருந்தன. ஆனால் கண் மட்டும் நேராகப் பார்த்தது. இவனிடம் போய்க் கதவைத் திற என்று கேட்க யாருக்கும் நா எழாது.

அந்த ஞாயிறு அண்ணன் சாப்பிட வந்தான். கையைக் கழுவிக்கொண்டு திரும்பியவன், ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த தளபதியைப் பார்த்து நின்றான்.

“யாரு இந்தப் பிச்சைக்காரன்?”

“உங்க தளபதி.”

“விளையாடாத, குட்டி.”

“விளையாடல. முற்றுகை முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இப்படித்தான் இருந்திருப்பார்.”

அண்ணன் குனிந்து பார்த்தான். தூரத்தில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது. தளபதியின் வாயின் இடது ஓரத்தில், உதடு மடியும் இடத்தில் சின்னதாக ஒரு கொசுவம் இருந்தது. அது அவனுக்குத் தெரியும். சிறு வயதில் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் அவன்மேல் குனிந்த முகத்தில் இருந்த கொசுவம் அது.

“இது அம்மா.”

சமையலறையிலிருந்து பதில் வந்தது. “நான்தான்டா. ஏன், நான் கோட்டையைக் காக்க மாட்டேனா?”

“அம்மா, நீ சும்மா இரு. அறிவிருக்கா குட்டி உனக்கு? கர்னல் வர்றார். அவர் குடும்பத்தோட வர்றார். அவர் முன்னாடி எங்க தளபதியைப் பொக்கை வாயோட நிக்க வைப்பியா? அதுவும் நம்ம அம்மா வாயோட? ஊரே பாக்கும்!”

“பாக்கட்டும்” என்றபடி அம்மா குழம்புப் பாத்திரத்தோடு வந்தாள். செட் போட்டிருந்தாள், ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று விழுந்தது. “அதான் கிருதா ஒட்டியிருக்காளே. யாருக்குடா தெரியப்போகுது?”

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. “இந்த மாசம் என் பேரு மேலிடத்துல இருக்கும்மா. மேஜர் ஆகறதும் ஆகாததும் அந்த மனுஷன் எழுதற ரெண்டு வரியில இருக்கு. நான்தான் கூட்டிட்டு வரேன். என் தங்கச்சியே இப்படி ஒரு கேலிச் சித்திரம் பண்ணி வச்சிருந்தா...”

“கேலியா?” பல்லழகியின் குரல் எழும்பியது. “பெல்ட்டை வேகவச்சுத் தின்னாங்கன்னு வருஷா வருஷம் மேடையில படிக்கிறீங்க. கேக்கறவங்க கண்ணைத் தொடைச்சுக்கறாங்க. அப்படிக் கிடந்த மனுஷனுக்குக் கன்னம் மட்டும் எப்படிண்ணா கொழுகொழுன்னு இருக்கும்?”

“பல்லு இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்? கூட இருந்து எண்ணினியா?”

“எண்ணல. மேலுதட்டைப் பாத்தேன்.”

“உதட்டைப் பாத்தாளாம்! சாட்சி?”

“சாட்சி இல்ல. தப்பாக்கூட இருக்கலாம். ஆனா உங்க படத்துல இருக்கறது இறுமாப்பு இல்லண்ணா, பொருந்தாத பல் செட். அது மட்டும் சத்தியம்.”

சாப்பாட்டின் நடுவில் அம்மா உப்பைப் பற்றி ஏதோ கேட்டாள், இருவரும் ஒரே நேரத்தில் “சரியா இருக்கு” என்றார்கள். கிளம்பும்போது, வாசலில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே அண்ணன் தணிந்த குரலில் கேட்டான்:

“சரி, நீ சொல்றதே நிஜம்னு வச்சுக்குவோம். அந்த மனுஷன் செட்டைப் போட்டுக்கிட்டுத்தான் ஓவியர் முன்னாடி வந்து உக்காந்தார். வாய் வலிச்சிருக்கும், இல்ல? இருந்தும் உக்காந்தார். தன்னை எப்படிப் பாக்கணும்னு அவரே முடிவு பண்ணிட்டார். அவர் மறைச்சதைக் காட்ட நீ யாரு?”

கோபத்தோடு கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் நிஜமாகவே கேட்டான்.

*

கேள்வி அவளோடு வேலைக்கு வந்தது. மெழுகை உருக்கும்போது பக்கத்தில் நின்றது. அவள் செய்கிற வேலையே மறைக்கிற வேலைதானே? ஒரு வாயில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளம். ஒருவர் செட் போட்டதைக் கூட இருப்பவர்களே கண்டுபிடிக்கவில்லை என்று டாக்டர் சொன்னால் அன்று முழுக்க அவளுக்கு நடை துள்ளும். பகலெல்லாம் மூடிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு செத்த மனிதனின் வாயைத் திறந்து காட்டுவது என்ன நியாயம்?

ஒரு மாலை, தளபதியிடமிருந்து அறுத்தெடுத்த பழைய உதட்டைக் கருவிப் பெட்டியில் தேடி எடுத்துப் பார்த்தாள். பட்டாணி அளவுதான். அழகாகத்தான் இருந்தது. புது வாயைக் குடைந்தெடுத்துவிட்டு இதைத் திரும்ப ஒட்டினால், இரண்டு நாளில் சாயம் பூசி முடித்துவிடலாம். அண்ணன் மேஜர் ஆவான். மன்றத்தில் எல்லோரும் கைகுலுக்குவார்கள். வரிசையில் பன்னிரண்டு இறுமாப்புகள் நிற்கும்.

அம்மா பக்கத்து அறையில் செட்டைக் கழற்றிவிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அவள் அந்த வாயோடு சமையலறைக்கு வருகிறாள், போகிறாள், மகளைத் திட்டுகிறாள். கை எழுந்து வந்து மூடுவதில்லை. யாரிடம் மூடிக்கொள்வோம், யாரிடம் மூடிக்கொள்ள மாட்டோம் என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று பல்லழகிக்குத் தோன்றியது. பட்டாணி உதட்டைக் குப்பைக்கூடையில் போட்டாள். அண்ணனுக்கு ஃபோன் செய்தாள்.

“அன்னைக்கு நீ கேட்டதுக்குப் பதில். அவர் மறைச்சது ஓவியர்கிட்ட. கோட்டைக்குள்ள அவரோட பட்டினி கிடந்தாங்களே, அவங்ககிட்ட மறைக்கல. மறைக்கவும் முடியாது. அவங்க தினம் காலையில எழுந்து பாத்த முகம் இது. அதைப் பாத்துட்டுத்தான் அவங்களும் கதவைத் திறக்கல. பதினோரு பேர் ஓவியர் பாத்ததைப் பண்ணட்டும். நான் அவங்க பாத்ததைப் பண்றேன்.”

அந்தப் பக்கம் யாரோ யாருக்கோ சல்யூட் அடிக்கும் பூட்ஸ் ஒலி கேட்டது.

“நான் அங்க யூனிஃபார்ம்ல நிக்கணும், குட்டி” என்றான் அண்ணன். “அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ.”

சிலையைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் ஒப்படைத்தபோது தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. வேலை தெரிந்தவர், அந்தக் காலர் இடைவெளியைப் பார்த்து அவர் மூச்சை இழுத்துக்கொண்டதை அவள் கவனித்தாள்.

“பிரமாதமா இருக்கும்மா. அதான் பயமா இருக்கு. வேடிக்கைப் பிரிவுன்னு ஒண்ணு வைக்கிறோமே, அதுல...”

“இதுல வேடிக்கை என்னங்க இருக்கு?”

“இல்ல, ஒரு பேச்சுக்கு.”

“வரிசையில வைங்க. பேரை முழுசா எழுதி வைங்க.”

“வரிசையிலதான்மா, வரிசையிலதான்” என்றபடி, இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம் திரும்பிக்கொண்டார்.

*

கண்காட்சி நடந்தது நூலகத்தின் தரைத்தளக் கூடத்தில். அம்மாவைக் கைப்பிடித்து முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பல்லழகி வரிசையைப் பார்க்கப் போனாள். நீலத் துணி விரித்த நீளமான மேசை, அதன்மேல் மேசை நீளத்துக்குப் பூட்டிய கண்ணாடிக் கூண்டு. உள்ளே தளபதிகள். ஒருவர் கொஞ்சம் சிவப்பு, ஒருவர் கொஞ்சம் தடிமன், ஒருவருக்கு, மன்றத்துத் தையல்காரரின் கைவண்ணத்தில், காலர் மட்டும் அத்தனை நேர்த்தி. உதடு எல்லோருக்கும் ஒன்றுதான். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, அவளுடையது இல்லை.

கிரேன்காரர் அவளைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். “நான் சண்டை போட்டேன்மா. சத்தியமா போட்டேன்.” கண்ணால் வெளித் தாழ்வாரத்தைக் காட்டினார்.

தாழ்வாரத்தில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேசை. அதில் காகித டம்ளர் அடுக்கு, ஏதோ ஒரு நாற்காலியின் உடைந்த கைப்பிடி, யாரோ மறந்துவிட்டுப் போன குடை. அவற்றுக்கு நடுவே, எல்லாவற்றையும் நேராகப் பார்த்துக்கொண்டு, தளபதி. பெயர்ச்சீட்டுகூட இல்லை.

தலைவர் பின்னாலேயே ஓடி வந்தார். “கோச்சுக்காதம்மா. கூண்டுல இடம் பத்தல. பூட்டிட்டோம், சாவி வேற கண்ணாடிக்காரன்கிட்ட இருக்கு.”

“எங்கண்ணன் சொன்னானா?”

“சேச்சே, அவர் வாயே திறக்கல. நானாத்தான்... பெரிய மனுஷங்க வர்ற இடம், ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா? அவங்க போன அப்புறம் நானே எடுத்து வைக்கிறேன். நடுவுல வைக்கிறேன். போதுமா?”

“அவங்க போன அப்புறமா.”

“ஆமாம்மா.”

தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஒரு கணம் தளபதியைப் பார்த்தாள். எலும்பும் தோலுமாக, பாதிப் பொத்தானோடு, தொட்டித் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி அவர் காவல் நின்றுகொண்டிருந்தார். காகித டம்ளர்களை எடுத்துத் தரையில் வைத்தாள். குடையை ஆணியில் மாட்டினாள். உடைந்த கைப்பிடியைத் தலைவர் கையில் கொடுத்தாள். அவரும் ஏன் என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். பிறகு மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள்.

இரும்புக் காலும் கல் பலகையும் வைத்த மேசை. தரையில் அது போட்ட கூச்சல் கூடம் முழுக்கக் கேட்டது. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தளபதி ஆடினார், அவள் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா பண்ற!” தலைவர் கைப்பிடியோடு சுற்றிச் சுற்றி வந்தார்.

“இடம் பத்தலன்னீங்க. இடத்தைக் கொண்டு வரேன்.”

இன்னொரு இழுப்பு. கூடத்தின் வாசற்படிவரை வந்துவிட்டது. அங்கே ஒரு சின்ன மேடு. முன்கால்கள் ஏறின, பின்கால்கள் ஏற மறுத்தன. எதிர்ப்பக்கக் கால் ஒன்று கழன்றதுபோல ஆடியது. இதற்குமேல் இழுத்தால் தளபதி தரைக்குப் போவார். தூக்கத்தான் வேண்டும், ஒருத்தியால் ஆகாது. கிரேன்காரர் அவளை நோக்கி வரப் பார்த்தார், ஆனால் கூண்டைத் தாண்டிக் கூட்டம் எழுந்து நின்று வழியை அடைத்துக்கொண்டது.

தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து வேகமான பூட்ஸ் சத்தம். அண்ணன். தேய்த்த உடுப்பு, பளபளக்கும் பொத்தான், கக்கத்தில் தொப்பி. முகம் வெளிறியிருந்தது.

“என்ன இது? வண்டி கேட்டுக்குள்ள வந்தாச்சு!”

“தெரியும்.”

“வழியில மேசையைப் போட்டுக்கிட்டு நிக்கிற! அவர் இந்த வழியாத்தான் வரணும்!”

“அதனாலதான் சொல்றேன், சீக்கிரம்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. “ஏத்தினா ரெண்டு நிமிஷம். அந்த வரிசையோட கடைசியில சேத்துப் போட்டுடலாம். ஏத்தலன்னா இங்கயேதான் இருக்கும், உங்க கர்னல் இவரைத் தாண்டித்தான் உள்ள போகணும்.”

“மிரட்டறியா?”

“கேக்கறேன்.”

அவன் மேசையைப் பார்த்தான், பிறகு சிலையை. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு வெளிச்சத்தில் அவன் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இமை விளிம்பின் சிவப்பு தெரிந்தது. இளைத்த கழுத்தைச் சுற்றி நின்ற காலர் தெரிந்தது. அவன் உடுப்பின் அதே நீலம், அதே மஞ்சள். அவன் கை, தன்னையறியாமல், தன் காலரைச் சரிசெய்தது. வெளியே வண்டி நிற்கும் ஓசை. கதவு திறந்தது. யாரோ விறைப்பாக ஒரு கட்டளை சொன்னார்கள். தலைவர் உடைந்த கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அவள் தன் பக்கத்து விளிம்பில் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி வைத்து, முழங்காலை மடக்கி, தயாராக நின்றாள். வெளியே படிகளில் பலருடைய காலடிகள் ஏறி வந்துகொண்டிருந்தன.

“அண்ணா,” என்றாள், “அந்தப் பக்கத்தைப் பிடி.”